உப்பிட்ட வீடு: 1930 வேதாரண்யமும் சர்தார் வேதரத்தினம் பிள்ளையும்

1930 ஏப்ரல் 13, தமிழ்ப் புத்தாண்டு நாள். திருச்சி கண்டோன்மெண்டில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து ஏறத்தாழ நூறு தொண்டர்கள் கால்நடையாகப் புறப்பட்டார்கள். தலைமை ராஜாஜி, அப்போது அவருக்கு 51 வயது. சுமார் 150 மைல் நடந்து ஏப்ரல் 28 அன்று வேதாரண்யம் சேர்ந்தார்கள். 30ஆம் தேதி அகத்தியம்பள்ளியில் உப்பு அள்ளினார்கள். ராஜாஜி கைதாகி ஆறு மாதச் சிறைக்குப் போனார். இவ்வளவும் பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது.

அந்தப் பாடத்தில் அரை வரியோடு நின்றுபோகும் பெயர் ஒன்று உண்டு: அ. வேதரத்தினம் பிள்ளை. வேதாரண்யத்தில் பிறந்து, அங்கேயே குடும்பம் நடத்தி, ஊர்க் காரியங்களைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, அந்த ஊர்க்காரராகவே 1961இல் மறைந்தவர். நடந்து வந்தவர்களைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. வருகிறவர்களுக்காகக் காத்திருந்த வீட்டின் பக்கமிருந்து அதே நிகழ்வைப் பார்க்கிறது இந்த ஆய்வு. நூறு பேர் ஓர் ஊருக்கு நடந்து வந்து சட்டத்தை மீற வேண்டுமென்றால் அந்த ஊரில் என்னென்ன தயாராக இருக்க வேண்டும், எது எங்கே முறியும், முறிந்தபோது யார் தாங்கினார்கள் என்பதுதான் கேள்வி.

ஏன் வேதாரண்யம்

பழவேற்காட்டிலிருந்து கன்னியாகுமரி வரை கடல்தான். உப்புச் சட்டத்தை மீறக் கடல் மட்டும் போதுமென்றால் எந்தக் கரைக்கும் போயிருக்கலாம். வேதாரண்யத்துக்கு அதற்கு மேலும் சில தகுதிகள் இருந்தன.

முதலாவது, நிலம். ஊரை ஒட்டிய பெரிய சதுப்பில் மழைக்காலத்தில் உப்புநீர் ஏறி நிற்கும். தை பிறந்து மழை ஓய்ந்ததும் அது வற்றத் தொடங்கும். பங்குனி, சித்திரை வெயிலில் தரைமேல் உப்பு தானாகவே பூத்துக் கிடக்கும். அடுப்பும் சட்டியும் இல்லாமல், குனிந்து கையால் அள்ளக்கூடிய உப்பு. தண்டியில் காந்தி அள்ளியதும் இப்படித் தானாக விளைந்ததைத்தான். பக்கத்திலேயே அகத்தியம்பள்ளி உப்பளங்கள். உப்பு எங்கே, எப்போது, எவ்வளவு கிடக்கும் என்று கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியவர்கள் ஊர் நிறைய இருந்தார்கள்.

இரண்டாவது, பாதை. காவிரிக் கரையோடு இறங்கினால் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று வழி நெடுக ஊர்கள். பெருவீடு, சத்திரம், தோப்பு, குளம் என்று ஒதுங்க இடமில்லாத பத்து மைல் கிடையாது. சம்பா அறுவடை தையிலேயே முடிந்துவிடும். அடுத்த நடவுக்கு ஆற்றில் புதுத்தண்ணீர் வர ஆனி, ஆடி ஆகும். சித்திரையில் தஞ்சைக் குடியானவனுக்குக் குதிரில் நெல்லும் உண்டு, கையில் நேரமும் உண்டு. ஊர்வலத்தைப் பார்க்க வரவும் சோறு போடவும் வருடத்தில் இதைவிட நல்ல மாதம் இல்லை.

மூன்றாவதுதான் முக்கியமானது. வழியில் தங்குவது ஓர் இரவு. போய்ச் சேருகிற ஊரில் தங்குவது நாள் கணக்கில்லாமல். அங்கே நூறு பேரை உட்கார வைத்து, போலீஸ் வந்தபின்னும் கதவைச் சாத்தாத ஓர் உள்ளூர்க் குடும்பம் வேண்டும். வெளியூர்த் தலைவர் எவரும் இதைச் செய்ய முடியாது. ஊரில் வேர் உள்ளவர், உப்புத் தொழிலின் சூட்சுமம் தெரிந்தவர், அவர் சொன்னால் பத்துப் பேர் பானை கொண்டு வருவார்கள் என்ற நிலையில் உள்ளவர் வேண்டும். வேதரத்தினம் பிள்ளைக்கு அப்போது வயது 33. 1897 பிப்ரவரி 25 அன்று பிறந்தவர். தாயுமானவர் மரபில் வந்த குடும்பம் என்ற பெயர் ஊரில் அவர் வீட்டுக்கு இருந்தது. 'வேதாரண்யம் விளக்கழகு' என்று சொலவடை உள்ள கோயில் ஊரில் அந்தப் பெயருக்கு எடை அதிகம். இடத் தேர்வில் அவர் இருப்பது ஒரு காரணம், அதுவும் பெரிய காரணம் என்பதே நம் முடிவு.

நூறு பேருக்குச் சோறு

கணக்கைப் போட்டுப் பார்த்தால் சங்கதி விளங்கும். 150 மைலை 15 நாளில் கடக்க வேண்டும். சராசரி நாளுக்குப் பத்து மைல். சித்திரை வெயிலில் உச்சி நேரத்தில் நடந்தால் ஆள் விழுந்துவிடுவான். ஆகவே விடியலில் பாதி, வெயில் தாழ்ந்தபின் பாதி. ஒரு நாளுக்கு இரண்டு இடத்தில் நிழலும் தண்ணீரும் சோறும் வேண்டும்.

நடக்கிறவன் வேளைக்கு 150 கிராம் அரிசியாவது சாப்பிடுவான். நூறு பேருக்கு வேளைக்கு 15 கிலோ. இரண்டு வேளை, 15 நாள் என்றால் 3,000 சாப்பாடு, 450 கிலோ அரிசி. 75 கிலோ மூட்டையில் ஆறே மூட்டை. தஞ்சை மிராசுதார் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு இதைவிட அதிகம் வேகும். வேளைக்கு 15 கிலோ என்பது ஒரு பெரிய அண்டா, இரண்டு ஆள் வேலை.

ஆக, அரிசி ஒரு தடையே அல்ல. இந்த ஏற்பாடு முறிகிற இடம் ஒன்றே ஒன்று: அண்டாவை அடுப்பில் ஏற்றப் பயப்படுவது. ஒவ்வொரு ஊரிலும் ஒரே ஒரு வீட்டுக்காரர் துணிந்தால் போதும். அந்த ஒருவர் பின்வாங்கினால் அன்றைக்கு நூறு பேரும் பட்டினி. மாவட்ட ஆட்சியர் இதைச் சரியாகவே புரிந்துகொண்டார்.

தண்ணீரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேட்டூர் அணை முடிந்தது 1934இல். 1930 சித்திரையில் காவிரியில் தண்ணீர் ஓடும் என்று நம்பிப் போக முடியாது. வெயிலில் நடக்கிற ஒருவருக்குக் குடிக்க மட்டும் நாளுக்கு நாலைந்து லிட்டர். நூறு பேருக்கு 400, 500 லிட்டர். ஆறு வறண்டால் கிணறும் குளமும்தான். கிணறு ஒருவர் வீட்டுக் கொல்லையில் இருக்கும், குளம் ஊருக்கோ கோயிலுக்கோ சொந்தமாக இருக்கும். சோற்றுக்கு அஞ்சுகிறவன் கிணற்றுக் கயிற்றுக்கும் அஞ்சுவான்.

தார்ன் போட்ட உத்தரவு

தஞ்சாவூர் மாவட்ட ஆட்சியர் ஜே.ஏ. தார்ன், தொண்டர்களை வழியில் அடித்து விரட்டுவதைவிட அவர்களுக்குச் சோறு போடுகிறவர்களை மடக்குவது எளிது என்று கணக்கிட்டார். அதற்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் 157ஆவது பிரிவு கைகொடுத்தது. சட்டவிரோதமான கூட்டத்தில் சேர அமர்த்தப்பட்டவர்கள் என்று தெரிந்தே அவர்களுக்கு வீட்டில் இடம் கொடுப்பவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பத்திரிகையில் அறிவிப்பு வந்தது, துண்டுத்தாள் போயிற்று, தண்டோராவும் போட்டார்கள்.

உத்தரவு வெறும் மிரட்டலாக நிற்கவில்லை. கும்பகோணத்தில் தொண்டர்களைத் தன் வீட்டில் வைத்து விருந்தோம்பிய பந்துலு ஐயருக்கு ஆறு மாதச் சிறை. திருத்துறைப்பூண்டியில் சத்திரத்தில் இடம் கொடுத்த ராமச்சந்திர நாயுடுவும் கைது. இவர்கள் உப்பைத் தொடவே இல்லை. சோறு போட்டார்கள், அவ்வளவுதான். இந்த நிகழ்வின் முதல் தண்டனைகள் அடுப்பங்கரைக்கு விழுந்தவை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உத்தரவை உடைத்த வழி பலருக்கும் தெரிந்ததே. வீட்டுக்குள் அழைத்தால்தானே குற்றம்? சோற்றைப் பொட்டலமாகக் கட்டிச் சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். ஆற்றங்கரையில் சோற்றுப் பாத்திரங்களை மணலில் புதைத்து வைத்து இடத்தை மட்டும் சைகையால் காட்டினார்கள். இந்த யோசனைக்குப் பின்னால் வேதரத்தினம் பிள்ளை இருந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. சட்டத்தின் சொற்களை வைத்துப் பார்த்தால் இதன் கூர்மை தெரியும். 157 'வீடு அல்லது இடம்' பற்றிப் பேசுகிறது. அந்த இடத்தைக் கொடுத்தவர் யார் என்று காட்ட வேண்டும். புளியமரம் பொதுச்சாலைக்குச் சொந்தம். பொட்டலத்தில் பெயர் இல்லை. யார்மேல் வழக்குப் போடுவது?

சமையல் பக்கத்திலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கண்ணெதிரே பரிமாறுகிற சோற்றுக்கும் மரத்தில் தொங்குகிற சோற்றுக்கும் பக்குவம் வேறு. சித்திரைச் சூட்டில் சாம்பார் சாதம் நாலைந்து மணி நேரத்தில் நொதித்துவிடும். தயிர் சாதம் மதியத்துக்குள் புளித்துப்போகும். கட்டுச்சோறு என்றால் புளியும் நல்லெண்ணெயும் தூக்கலாக விட்டுக் கிளறிய சோறுதான் ஒரு நாள் தாங்கும். சோற்றை விரித்து ஆறவிட்டபின் கட்ட வேண்டும். சூட்டோடு கட்டினால் ஆவி இலைக்குள் வேர்த்துச் சோறு ஊசிப்போகும். எறும்பு ஏறாத கிளை வேண்டும், காக்கை கொத்தாத உயரம் வேண்டும், நடந்து வருகிறவன் கைக்கும் எட்ட வேண்டும். காவிரிக் கரைப் பெண்கள் யாரும் சொல்லித்தராமலே செய்யக்கூடிய வேலை இது. 150 மைலுக்கு அந்த வேலை இடையறாமல் நடந்தது அவர்களால்தான். பேர் இல்லாமல் போனவர்களும் அவர்கள்தான்.

தார்ன் பின்னர் மேலிடத்துக்கு எழுதியதில், இந்த மாவட்டத்தில் அரசாங்கத்தின்மேல் விசுவாசம் என்று ஏதாவது இருந்திருந்தால் அது செத்துப்போய்விட்டது என்ற கருத்தில் ஒப்புக்கொண்டார். உத்தரவு தோற்றதற்கு அவரே தந்த சான்று அது.

கடைசி ஊரின் சுமை

வேதாரண்யத்தில் கதை வேறு. வழியில் ஒவ்வொரு ஊரும் ஒரு வேளையோ இரண்டு வேளையோ தாங்கினால் போதும். இங்கே தங்கல். கைதாகிறவர் இடத்துக்குப் புதுத் தொண்டர் வந்துகொண்டே இருப்பார், அடுப்பு அணையக்கூடாது. மரத்தில் பொட்டலம் கட்டுகிற வித்தை இங்கே செல்லாது, ஏனென்றால் எல்லாருக்கும் தெரிந்த ஓரிடத்தில் முகாம் இருக்கிறது. யார் வைத்திருக்கிறார் என்பதும் எல்லாருக்கும் தெரியும். கண்ணை மறைக்க வழியே இல்லாத இடத்தில் வெளிப்படையாக நின்றது வேதரத்தினம் பிள்ளையின் குடும்பம்.

தண்ணீர் இங்கே இன்னும் கவனம் கேட்கும். வேதாரண்யத்தில் மணல்மேட்டுக்கு அடியில் மழைநீர் மெல்லிய படலமாக, உப்புநீர்மேல் மிதந்து நிற்கும். இரண்டு ஆள் ஆழத்தில் இனிக்கும் கிணறு, இன்னும் தோண்டினால் கரிக்கும். ஒரே கிணற்றில் மளமளவென்று இறைத்தால் அடியிலிருந்து உப்பு ஏறிவிடும்; ஒரு கோடை முழுக்க அந்தக் கிணறு கெட்டுப்போகும். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்குப் பத்து லிட்டர் என்றால் நூறு பேருக்கு நாளுக்கு ஆயிரம் லிட்டர். அதைப் பல கிணறுகளில் பிரித்து எடுக்க வேண்டும். அதாவது பல வீட்டார் இசைய வேண்டும். ஒரு குடும்பம் முன்னே நின்றாலும் ஊர் பின்னே நின்றாக வேண்டிய இடம் இது.

அகத்தியம்பள்ளியில் அள்ளியது

உப்பு எப்படி விளைகிறது என்று தெரிந்தால்தான் அந்தக் கைப்பிடியின் சட்டப் பொருள் விளங்கும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதில் நாம் சாப்பிடும் சோடியம் குளோரைடு 27 கிராம் அளவு. சிந்தாமல் சிதறாமல் எடுத்தாலும் ஒரு கிலோ உப்புக்கு 37 லிட்டர் கடல்நீர் வேண்டும். உப்பளத்தில் நீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்ததற்கு நகர்த்திக்கொண்டே வெயிலில் வற்றவைப்பார்கள். உப்புநீரின் அடர்த்தியைப் போமே டிகிரியில் அளப்பார்கள்; கடல்நீர் மூன்று, மூன்றரை டிகிரி. 13 டிகிரி தாண்டும்போது ஜிப்சம் படியத் தொடங்கும். அந்த நீரை அந்தப் பாத்தியிலேயே நிறுத்தி ஜிப்சத்தைக் கழிக்க வேண்டும். 25 டிகிரிக்கு வந்ததும் கடைசிப் பாத்தியில் உப்பு பூக்கும். 29, 30க்குமேல் விட்டுவைத்தால் மெக்னீசிய உப்புகளும் சேர்ந்து இறங்கும். உப்பு கசக்கும், காற்றில் நீர்விட்டுக் கசியும். அதற்குமுன் மிஞ்சிய நீரைத் திறந்துவிட்டாக வேண்டும். பாத்தியின் தரையைக் களிமண் போட்டு மிதித்து இறுக்காவிட்டால் நீர் கீழே இறங்கும், வாரும்போது உப்போடு சேறும் வரும். ஒரு கோடை மழை போதும், பத்து நாள் வேலை கரைந்துபோகும்.

சதுப்பில் தானாகப் பூப்பதும் இதே வழியில்தான், ஆனால் யாரும் நீரை நகர்த்தாததால் ஜிப்சமும் மண்ணும் கசப்பும் கலந்தே கிடக்கும். சாப்பாட்டு உப்பாக அது முதல்தரமில்லை. சட்டத்துக்கு அது பொருட்டில்லை. 1889ஆம் ஆண்டு சென்னை உப்புச் சட்டப்படி உரிமம் இல்லாமல் உப்பு விளைவிப்பதோடு, தானாக விளைந்ததை அள்ளுவதும் குற்றம். ஆகவே ஏப்ரல் 30 காலை எவ்வளவு அள்ளினார்கள் என்பதைவிட, அள்ளினார்கள் என்பதே குற்றமாயிற்று.

வரி எவ்வளவு என்பதையும் பார்த்துவிடலாம். அப்போது ஒரு மணங்கு உப்புக்கு, அதாவது 37 கிலோ சொச்சத்துக்கு, ஒரு ரூபாய் நாலு அணா. கிலோவுக்கு ஏறத்தாழ ஆறரைப் பை; 12 பை ஓர் அணாவாக இருந்த பழைய நாணயக் கணக்கில். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு வருடத்துக்கு ஐந்து கிலோ என்று வைத்தாலும் 25 கிலோ. வரி மட்டும் 13 அணாவுக்குமேல். பணக்காரன் வீட்டிலும் அதே அளவு உப்புதான், அதே வரிதான். தன் வாசலில் கிடக்கிற உப்பை அள்ளாமல், வரி கட்டிய உப்பைக் கடையில் வாங்க வேண்டியிருந்த உப்பளக் கூலியாளின் மனநிலையை வேதாரண்யத்துக்காரருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வெளியூர்த் தொண்டர்களைவிட உள்ளூர்க்காரர்கள் உறுதியாக நின்றதற்கு இது பெரிய காரணம்.

ஊர் திருப்பிச் செய்தது

ராஜாஜி கைதானபின் முகாம் ஓய்ந்துவிடும் என்று அதிகாரிகள் எதிர்பார்த்திருக்கலாம். ஓயவில்லை. அடுத்தடுத்துத் தொண்டர்கள் உப்பு எடுத்தார்கள். ருக்மிணி லட்சுமிபதி இங்கேதான் கைதானார், உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை சென்ற முதல் பெண் என்று அறியப்படுகிறார். போலீஸ் எண்ணிக்கை கூடியது. அப்போது ஊர் ஒரு காரியம் செய்தது: போலீசுக்கு எந்தச் சேவையும் இல்லை.

இதில் கிட்டே நின்று பார்க்க வேண்டிய ஆள் வைரப்பன், முடிதிருத்தும் தொழிலாளி. முகம் மழிக்க ஒருவர் வந்து உட்காருகிறார். பாதி மழித்திருக்கும்போது அவர் போலீஸ்காரர் என்று வைரப்பனுக்குத் தெரியவருகிறது. கத்தியைக் கீழே வைத்துவிட்டார். பாதி முகத்தோடு அந்தப் போலீஸ்காரர் அவரை நீதிபதி முன் கொண்டு போய் நிறுத்துகிறார். மீதியையும் மழித்துவிடு, விட்டுவிடுகிறோம் என்கிறார் நீதிபதி. வைரப்பன் தன் தொழில்பெட்டியை நீதிபதி முன் வைத்து, வேண்டுமானால் நீங்களே செய்துகொள்ளுங்கள் என்று சொன்னாராம். ஆறு மாதச் சிறை. வேதாரண்யத்தில் இன்றும் அவருக்கு நினைவுத்தூண் நிற்கிறது.

ஆட்சியர் போட்ட உத்தரவின் மறுபக்கம் இதுதான். தொண்டர்களுக்குச் சோறு போடாதே என்றது அரசாங்கம். போலீசுக்கு ஒன்றும் செய்யமாட்டோம் என்றது ஊர். ஒரு சிற்றூரில் நூறு அந்நியர் பிழைப்பது உள்ளூர்க்காரர் கொடுக்கும் தண்ணீர், சோறு, வெளுப்பு, மழிப்பு ஆகியவற்றால்தான். அந்த அந்நியர் சத்தியாகிரகியானாலும் சரி, காவலரானாலும் சரி. யாருக்குக் கொடுப்பது என்பது உள்ளூர்க்காரர் கையில் இருந்தது. அந்தக் கையை ஒரே பக்கம் நிறுத்தி வைத்ததில் வேதரத்தினம் பிள்ளை போன்ற ஊர்ப்பெரியவர்களுக்குப் பங்கு உண்டு. வைரப்பன் போன்ற உழைப்பாளிக்கு அதைவிடப் பெரிய பங்கு, ஏனென்றால் சிறையிலிருந்த ஆறு மாதமும் அவர் வீட்டில் கூலி வராது.

குடும்பம் கொடுத்த விலை

வேதரத்தினம் பிள்ளைக்கும் ஆறு மாதச் சிறை. சொத்துகள் பறிமுதலாயின. இந்த ஒரு வரியைப் படித்துவிட்டுக் கடந்துபோவது எளிது. ஒரு குடும்பஸ்தர் சிறைக்குப் போவதும் அவர் சொத்து போவதும் ஒரே சமயத்தில் நடந்தால் வீட்டில் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். தனி ஆள் சிறைக்குப் போனால் அவனுக்குச் சோறு சிறையில் கிடைத்துவிடும். குடும்பஸ்தன் போனால் வெளியே இருப்பவர்களின் தண்டனைதான் நீளமானது. உப்புத் தொழிலுக்கு இன்னொரு கெடுதல் உண்டு: விளைச்சல் தையிலிருந்து புரட்டாசி வரைதான். நடுப் பருவத்தில், வைகாசியில், அளத்தைக் கைவிட்டால் அந்த வருடத்து வருமானம் முழுக்கப் போகும்; ஐப்பசி மழையில் கவனிக்காத கரைகள் கரைந்து அடுத்த வருடத்து முதலீடும் கூடும்.

1931 மார்ச் 5 அன்று கையெழுத்தான காந்தி–இர்வின் ஒப்பந்தம், அரசாங்கத்தின் வசமே இருந்த பறிமுதல் சொத்துகளைத் திருப்பித் தர வழிசெய்தது. மூன்றாம் ஆளுக்கு விற்றுப்போனதை அரசாங்கத்தைப் பொறுத்தவரை முடிந்துபோன காரியமாக வைத்தது. உப்பு விளையும் பகுதிகளின் ஊர்க்காரர்கள் தம் வீட்டுத் தேவைக்கும் தம் ஊருக்குள் விற்கவும் உப்பு எடுத்துக்கொள்ளலாம் என்றது. ஆனால் வரி போகவில்லை. அதே 1931இல் கூடுதல் வரி விதித்து மணங்குக்கு ஒரு ரூபாய் ஒன்பது அணா ஆக்கினார்கள். உப்பு வரி ஒழிந்தது 1947இல்தான். வேதாரண்யம் கொடுத்த விலையையும் கையில் கிடைத்ததையும் வைத்துப் பார்த்தால், உடனடிக் கணக்கில் இது நஷ்டம். இதை மறைத்து எழுதுவது அந்தக் குடும்பங்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இன்னொரு குறையும் உண்டு. ஏற்பாட்டின் எடை முழுக்கச் சில வீடுகள்மேல் இருந்தது. கும்பகோணத்தில் ஒரு வீடு, திருத்துறைப்பூண்டியில் ஒரு சத்திரம், வேதாரண்யத்தில் ஒரு குடும்பம். அரசாங்கம் யாரைப் பிடிக்க வேண்டும் என்று தேட வேண்டியிருக்கவில்லை. தலைவர்கள் கைதானால் அடுத்தவர் யார் என்ற வரிசை முன்கூட்டியே இருந்தது; வீட்டுக்காரர் கைதானால் அடுத்த வீடு எது என்ற வரிசை அப்படித் திட்டமாக இருக்கவில்லை. ஊர்க்காரர்களின் நெஞ்சுரம்தான் அந்த இடைவெளியை அடைத்தது.

சர்தார் ஆனபின்

1931இல் திருநெல்வேலியில் அவருக்குச் 'சர்தார்' பட்டம் கொடுத்தார்கள். பின்னாளில் சட்டமன்றத்துக்கும் போனார். இரண்டும் பெருமைதான். ஆனாலும் அவருடைய முழு அளவு தெரிவது 1946இல் தொடங்கிய கஸ்தூர்பா காந்தி கன்யா குருகுலத்தில். கஸ்தூர்பா 1944 பிப்ரவரி 22 அன்று பூனாவில் ஆகா கான் மாளிகைக் காவலிலேயே இறந்தார். இரண்டு வருடத்தில் அவர் பெயரில், ரயிலும் சாலையும் ஏறத்தாழ முடிந்துபோகும் ஒரு கடலோர ஊரில், ஏழைப் பெண்குழந்தைகளும் ஆதரவற்ற பெண்குழந்தைகளும் தங்கிப் படிக்க இடம் உண்டாயிற்று.

1930 முகாமுக்கும் 1946 குருகுலத்துக்கும் இடையே ஒரு நேர்க்கோடு இருக்கிறது. இரண்டுக்கும் வேண்டியவை ஒன்றுதான்: நிறையப் பேருக்கு நாள் தவறாமல் சோறு, கெடாத குடிநீர், படுக்க இடம், ஊர்க்காரர் ஒத்தாசை, பணம் குறைந்தபோதும் அணையாத அடுப்பு. முகாமில் பெரியவர்கள் வாரக்கணக்கில் தங்கினார்கள். குருகுலத்தில் குழந்தைகள் வருடக்கணக்கில் தங்குகிறார்கள். முகாமில் ஒரு நாள் சோறு தாமதித்தால் தொண்டர் பொறுத்துக்கொள்வார். எட்டு வயதுப் பிள்ளை பொறுக்காது, பொறுக்கவும் கூடாது. பெண்பிள்ளைகளைத் தங்க வைப்பதென்றால் காவல், வைத்தியம், படிப்பு முடிந்தபின் அவர்கள் எங்கே போவார்கள் என்ற யோசனை எல்லாம் சேரும். ஆதரவற்ற பிள்ளைக்கு விடுமுறையில் போக வீடு கிடையாது. ஆகவே அந்த அடுப்புக்கும் விடுமுறை கிடையாது. போராட்டத்தில் கற்றதை இப்படி நித்திய வேலையாக மாற்றியவர்கள் நம் தேசிய இயக்கத்தில் குறைவு. பட்டத்தைவிடவும் பதவியைவிடவும் இதை வைத்தே அவரை நினைக்க வேண்டும் என்று சொல்வோம்.

1961 ஆகஸ்ட் 24 அன்று அவர் காலமானார். குருகுலத்துக்கு அப்போது 15 வயது. தொடங்கியவர் போனதும் மூடிக்கொள்ளும் நிறுவனங்கள் எத்தனையோ உண்டு. சொத்துத் தகராறில் பாதி, அடுத்து யார் என்று சொல்லாமல் போனதில் மீதி. இங்கே குடும்பத்தார் பொறுப்பெடுத்து நடத்தினார்கள். 1998இல் இந்திய அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது உப்பளங்களில் சேறு அடித்துக்கொண்டு வந்து நின்றது. சேற்றை வெட்டி எடுத்து, தரையை மறுபடி மிதித்து இறுக்கி, பாத்தி கட்டிய பின்புதான் அளங்களில் உப்பு வார முடிந்தது. அகத்தியம்பள்ளியில் அவர்கள் உப்பு அள்ளிய இடத்தில் நினைவுத்தூண் இருக்கிறது. சுற்றிலும் இன்றைக்கும் உப்பளம்தான்.